போர்ட், போர்ட் என்று முடியும் சொற்கள்

அக்கா, ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் மகளுக்கு எக்ஸ்போர்ட், இம்போர்ட், சப்போர்ட், ரிப்போர்ட் எல்லாம் குழம்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். பட்டியலைப் பாடமாக்க விடாதீர்கள். கடைசியில் வரும் 'போர்ட்' லத்தீனில் சுமந்து செல்வது. முன்னால் ஒட்டியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். 'எக்ஸ்' வெளியே: ஹட்டன் பக்கத்துத் தேயிலை கொழும்புக்குப் போய்க் கப்பலேறுகிறதே, அது எக்ஸ்போர்ட். 'இம்' உள்ளே: நாம் ரொட்டி சுடும் மாவுக்குக் கோதுமை வருவது இம்போர்ட். 'ட்ரான்ஸ்' இங்கிருந்து அங்கே: மலையில் நிறுத்துக் கட்டிய கொழுந்து மூட்டை லொறியில் ஃபெக்டரிக்குப் போவது ட்ரான்ஸ்போர்ட். சப்போர்ட் கீழிருந்து தாங்குவது. ரிப்போர்ட்டில் சுமந்து வருவது செய்தி, அவ்வளவுதான். அப்புறம், பாஸ்போர்ட்டை இதில் சேர்க்க வேண்டாம். அந்தப் 'போர்ட்' துறைமுகம் பக்கம் போகும்.