மூக்கைத் தாண்டிய புகை

கேள்வி: உப்புவெளியில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன் ஐயா. இரவில் மூக்குச் சிந்தினால் கறுப்பாக வருகிறது. தூசு அதோடு போய்விடும்தானே? அதைவிடச் சின்னது மூச்சோடு போய் மூச்சோடே வந்துவிடாதா?

பதில்: கறுப்பாக வருவது மூக்கு பிடித்துக்கொண்ட பெரிய தூசு, தம்பி. 10 மைக்ரோமீட்டருக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கு, மேற்பட்டவை, வளைவில் திரும்ப முடியாத பஸ் போல, மூக்கிலும் தொண்டையிலும் மோதி நின்றுவிடும். உங்கள் ஊகமும் பாதி சரி. நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 300 நானோமீட்டர் அளவுத் துகள்களில் பெரும்பகுதி வெளியே திரும்பிவிடும்.

அதற்குக் கீழே கதை வேறு. 20 நானோமீட்டர் துகளைக் காற்று மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடித்துத் தள்ளும். பத்திரகாளி அம்மன் தேரன்று சனத்துக்குள் அகப்பட்டவர் எந்தச் சுவரில் போய் முட்டுவார் என்று சொல்ல முடியுமா? நுரையீரலின் நுனியில் காற்று அநேகமாக நிற்கிறது, சுவரோ மிக அருகில். மூச்சில் போனவற்றில் ஏறக்குறையப் பாதி காற்றறைகளிலேயே ஒட்டிக்கொள்ளும். அங்கே சளியை மேலே தள்ளும் பிசிர்களும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1 நானோமீட்டர் துகள் இன்னும் கூடுதலாக ஆடுவதால் பெரும்பாலும் மூக்கிலேயே மாட்டிவிடும்.

வெல்டிங் புகையில் பிறக்கும் துகள்கள் நானோ அளவுதான். பிறகு சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். அப்பாவின் பட்டறையில் நான் லேஞ்சி கட்டி நின்றவன். வீண் வேலை! என்95 முகக்கவசம் போடுங்கள். துகளின் அதே ஆட்டம்தான் அதை இழைகளில் ஒட்டவைக்கும். புகை எழும்பும் இடத்துக்கு மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். சரி, அந்தப் பின் யன்னலையும் திறந்து விடுங்கள்.