இறக்குமதி வரி தொழிலாளிக்கு நல்லதா, கெட்டதா?

வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வரும்போது அரசு வாங்கும் பணம்தான் இறக்குமதி வரி. வெளிச்சரக்கு விலை ஏறினால் மக்கள் உள்ளூர்ச் சரக்கை வாங்குவார்கள், ஆலை ஓடும், வேலை நிலைக்கும் என்பது கணக்கு.

ஆனால் வாரச் சந்தையில் சுங்கம் கட்டிவிட்டு வரும் தக்காளிக்காரர் அதைக் கிலோ விலையில்தானே சேர்ப்பார்? 2018-ல் அமெரிக்கா வாஷிங் மெஷினுக்கு வரி போட்டபோதும் அதுவே நடந்தது. விலை சுமார் 12 சதவீதம் ஏறியது. வரியே போடாத துணி உலர்த்தும் இயந்திரமும் கூடவே ஏறியது; அங்கே இரண்டையும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். ஆலைகளில் புதிதாக வந்த வேலைகள் சுமார் 1,800.

சரி, வரியே வேண்டாம் என்கிற தடையற்ற சந்தைக்காரர்கள் சொல்வது முழுக்கச் சரியா? என்னால் ஏற்க முடியவில்லை. வேலை போனவர் வேறு வேலை தேடிக்கொள்வார் என்றார்கள். 2001-ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்து, அதன் மலிவான சரக்கு குவிந்த பிறகு, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் மரச்சாமான் ஆலைகள் வரிசையாக மூடின. ஐம்பது வயதில், நாற்காலிக்கு மெத்தை தைக்க மட்டுமே தெரிந்தவர் எங்கே போவார்? கடையில் நாற்காலி மலிவானது உண்மை. அவர் வீட்டில் சம்பளம் நின்றதும் உண்மை.

அப்புறம், இந்த வரியை ஏற்றுமதி செய்யும் நாடு கட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். கட்டுவது சரக்கை வரவழைக்கும் உள்நாட்டு இறக்குமதியாளர்தான்.