கவுனைக் கழற்றிவிட்டு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஒன்பது வருடமாகக் கீழமை நீதிமன்றங்களில் பிராக்டீஸ் செய்கிறேன். சிவில் வழக்குகள்தான் அதிகம். மூன்று வருடமாக டிவி விவாதங்களுக்குச் சட்டக் கருத்து சொல்லப் போய்வருகிறேன். இப்போது ஒரு செய்திச் சேனலில் முழுநேர நெறியாளராக வரச்சொல்கிறார்கள். சீனியரிடம் சொன்னேன். "கோர்ட்டில் பேசினவளுக்கு டிவி என்னம்மா பெரிய விஷயம்" என்றார். அப்பாவோ படித்த படிப்பு பாழாகிறதே என்று இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. வக்கீல் தொழில் உரிமமான சன்னதை வைத்துக்கொண்டே இந்த வேலையைப் பார்க்க முடியுமா? நீங்களும் கோர்ட்டிலிருந்து டிவிக்குப் போனவர் என்பதால் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

சன்னது விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளை எடுத்து 49, 51 இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஒலிபரப்பு, பத்திரிகை, விரிவுரை போன்ற வேலைகளில் வழக்கறிஞர் ஈடுபடலாம் என்று 51 சொல்கிறது. ஆனால் விளம்பரத் தடைக்கும் முழுநேர வேலைத் தடைக்கும் உட்பட்டு. நீங்கள் இதுவரை விவாதங்களுக்குப் போய்வந்தது இதற்குள் அடங்கும். மாதச் சம்பளத்துக்கு முழுநேரம் உட்கார்ந்தால் 49 வந்துவிடும். பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு, அந்த வேலையில் இருக்கும்வரை பிராக்டீஸை நிறுத்த வேண்டும். "இருக்கும்வரை" என்ற சொல்லை அப்பாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். கதவைச் சாத்துகிறார்கள், பூட்டவில்லை.

சீனியர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சீனியர்கள் தப்பாகவும் சொல்வார்கள் என்பதே எனக்குக் கோர்ட்டை விட்டு வந்த பிறகுதான் தெரிந்தது.

டிவியில் நான் எழுதிய முதல் செய்தி ஒரு நிலத் தகராறுத் தீர்ப்பு. நாற்பது விநாடிக்கு எழுதச் சொன்னார்கள். நமக்குத்தான் பழக்கமாயிற்றே, மூலப் பத்திரத்திலிருந்து ஆரம்பித்தேன். தாத்தா வாங்கியது, பாகப்பிரிவினை, முதல் தாவா, அப்பீல். டெஸ்கில் இருந்த பெரியவர் பேனாவை எடுத்து முதல் மூன்று பத்தியையும் குறுக்கே அடித்தார். கடைசி வாக்கியம் ஒன்றுதான் மிஞ்சியது. "இதுதாம்ப்பா செய்தி. மேலே இருந்ததெல்லாம் உன் ஃபீஸ்" என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. நீதிபதிக்கு அலுப்புத் தட்டினாலும் இருக்கையை விட்டு எழ முடியாது, கேட்பது அவர் கடமை. பார்ப்பவர் கையில் ரிமோட் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

காதுக்குள் ஒரு குரல் பேசிக்கொண்டே இருப்பதைப் பற்றி உங்களிடம் யாராவது சொன்னார்களா தெரியவில்லை. விருந்தினராகப் போகும்போது அதன் கொடுமை முழுதாகத் தெரியாது. எதிரே ஒருவர் முக்கியமான விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். கன்ட்ரோல் ரூமிலிருந்து "முடிங்க, பிரேக், பத்து, ஒன்பது" என்று எண்ணுவார்கள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் தலையாட்டிக்கொண்டே, அவர் மூச்சு வாங்கும் இடம் பார்த்து உள்ளே நுழைய வேண்டும். முதல் வாரம் நான் எண்ணிக்கையைக் கேட்டதில் விருந்தினர் சொன்னதைக் கேட்கவில்லை. அவர் பதில் சொல்லி முடித்த கேள்வியையே மறுபடியும் கேட்டேன். அவர் நல்ல மனிதர், இன்னொரு தடவை சொன்னார்.

இதைவிடப் பெரிய சிக்கல் கேள்வி கேட்பது. குறுக்கு விசாரணையில் நமக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது. பதிலையும் உள்ளேயே வைத்த லீடிங் கேள்வியாகப் போட்டு "ஆமாம்", "இல்லை" என்பதற்குள் சாட்சியை அடைத்துவிடுவோம். என் முதல் பேட்டியின் பதிவைப் போட்டுப் பார்த்தேன். பதினைந்து நிமிடத்தில் பாதிக்குமேல் நான்தான் பேசியிருந்தேன். அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் "ஆமாங்க", "அப்படியும் சொல்லலாம்". கேஸ் எனக்கு ஜெயித்துவிட்டது, பார்த்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பேட்டிக்கு உதவுவது, நம் தரப்புச் சாட்சியை நாமே கேட்கிற முதல் விசாரணைதான். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சாட்சியைப் பேசவிடுகிறோமே, அது. வக்கீல்கள் அதை ஒரு சடங்காகத்தான் செய்வோம். எடுத்த எடுப்பில் நெறியாளர் வக்கீலாகி எல்லோரையும் கூண்டில் ஏற்றுகிற நிகழ்ச்சிகளுக்கு நல்ல மவுசு இருக்கிறது, தெரியும். எனக்கு அவை பிடிப்பதில்லை.

சரி, நம் தொழில் எங்கே கைகொடுக்கும்? கேஸ் கட்டைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிற பழக்கத்தில். 2012 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் தீர்ப்புச் சொன்னது. காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்ற விதியை, மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் ஏற்க முடியாது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸின் தீர்ப்பில் முதலில் வருகிறது. அதைப் பார்த்தவுடனே சிஎன்என், ஃபாக்ஸ் நியூஸ் இரண்டும் விதி ரத்து என்று அறிவித்துவிட்டன. இன்னும் சில பக்கம் புரட்டியிருந்தால், வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் அதே விதி செல்லும் என்று எழுதியிருந்தது தெரிந்திருக்கும். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் தப்பியது. நம்மூர் ஜூனியர் ஒருவரே "ஆனால்" எங்கே வருகிறது என்று தேடியிருப்பார். சேனலில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் மரியாதை, "இரண்டு நிமிஷம் பொறுங்க, ஆர்டர் பகுதியைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று நீங்கள் சொல்வதில் இருக்கிறது. பக்கத்துச் சேனல் அதற்குள் போட்டுவிடும். கத்துவார்கள். கத்தட்டும்.

இரவு ஷிப்டிலும் நீங்கள் தேவைப்படுவீர்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்பது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 228ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 72. குழந்தை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் 23. பெயரை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தையும் தெருவையும் காட்டுகிற காட்சியைப் போட்டுவிடுவார்கள். பெயர் போடவில்லையே என்பார்கள். பள்ளியும் அக்கம்பக்கமும்கூட அடையாளம்தான் என்று போக்சோவிலேயே இருக்கிறது.

டிவிக்குப் போன வக்கீல்களில் நான் அடிக்கடி நினைப்பது ஜெரால்டோ ரிவேராவை. நியூயார்க்கில் வக்கீலாக இருந்தவர். 1972இல், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளை வைத்திருந்த வில்லோபுரூக் விடுதிக்குள் கேமராவோடு நுழைந்து அங்கிருந்த கொடுமையைக் காட்டினார். நாடே அதிர்ந்தது. அதே மனிதர் 1986இல், பழைய சிகாகோ தாதா அல் கபோனின் ரகசிய அறையைத் திறக்கிறேன் என்று இரண்டு மணி நேரம் நேரலையில் உட்காரவைத்தார். உள்ளே மண்ணும் சில காலி பாட்டில்களும். அன்றைக்குப் பார்த்த கூட்டம் மிகப் பெரிது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பிராக்டீஸை நிறுத்தினாலும் கட்சிக்காரர் உங்களை நம்பிச் சொன்னதைக் காப்பாற்றும் கடமை நிற்காது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவு 126ஆக இருந்து இப்போது புதிய சட்டத்தில் 132ஆக இருப்பது அதுதான். எனக்கு இரண்டாம் வருடம் இப்படி ஒரு சோதனை வந்தது. பழைய கட்சிக்காரர் ஒருவர் தலைப்புச் செய்தியாகிவிட்டார். "உங்களுக்கு உள்விவகாரம் தெரியுமே, நீங்களே பண்ணுங்க" என்றார்கள். தெரியாத மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்பதும் பொய்தான் என்று பட்டது. மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தேன். வேறொருவர் நடத்தினார், நன்றாகவே நடத்தினார். அந்த வாரம் முழுக்க எனக்கு ஷிப்ட் நள்ளிரவில் விழுந்தது.

சேரும் தேதியைச் சொல்வதற்கு முன் அலமாரியில் இருக்கும் கட்டுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு கட்சிக்காரரையும் கூப்பிட்டுப் பேசி, வேறு வக்கீல் வைக்க ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுத்து, புது வக்காலத்து தாக்கலாகும்வரை வாய்தாக்களுக்கு நீங்கள்தான் நிற்கவேண்டும். என்னிடம் எழுபதுக்கு மேல் இருந்தன. நான்கு மாதம் ஆயிற்று.