சென்னைக்கு வந்ததும் ஏன் இவ்வளவு வியர்க்கிறது?

கேள்வி: ஓசூரில் இருந்தவரை தினமும் காலையில் 5 கி.மீ. ஓடுவேன். பனியன் லேசாக நனையும், அவ்வளவுதான். போன வாரம் வேலை மாற்றலாகிச் சென்னை வந்தேன். அதே தூரம், அதே வேகம். ஆனால் பனியனைப் பிழியலாம் போல வியர்க்கிறது, சீக்கிரமே களைத்தும்விடுகிறேன். உடம்பில் ஏதாவது கோளாறா? இல்லை, கொழுப்பு நன்றாகக் கரைகிறதா? எடை 70 கிலோ.

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறாகத் தெரியவில்லை. கொழுப்பும் கூடுதலாகக் கரையவில்லை. மாறியது காற்றுதான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 70 கிலோ எடையுள்ளவர் 5 கி.மீ. ஓடினால் சுமார் 350 கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல், ஏறக்குறைய 270 கலோரி, வெறும் சூடாகத்தான் வெளிவருகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அப்படியானால் உங்களுக்கு அரை லிட்டர் வியர்வை போதும். ஓசூரின் குளிர்ந்த காலைக் காற்று தோலிலிருந்தே சூட்டைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அங்கே அதைவிடவும் குறைவாகவே தேவைப்பட்டிருக்கும்.

சென்னையில் விடியற்காலையிலும் வெக்கை முழுதாக அடங்குவதில்லை. கடற்காற்றில் ஈரப்பதமும் அதிகம் என்பதால் வியர்வை சட்டென்று உலராமல் முகவாயிலிருந்து சொட்டுகிறது. சொட்டிப் போகும் வியர்வையால் உடம்பு குளிராது. ஆவியானதற்கு மட்டும்தான் பலன். உள்சூடு இறங்காததால் மூளை இன்னும் வியர்வையைச் சுரக்கச் சொல்கிறது. தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் வேகமாகத் துடிக்கிறது. உங்கள் களைப்பு அதனால்தான். வேலூர் வெயிலில் நடப்பது நேர்மாறு: வியர்வை உடனே காய்ந்துவிடும், சட்டையில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு நீர் போயிருக்கிறது என்றே தெரியும்.

இரண்டு வாரம் பொறுங்கள். அதுவரை வேகத்தைக் குறையுங்கள், நடுவில் கொஞ்சம் நடந்துகொள்ளுங்கள். தினமும் ஓடினால் உடம்பு பழகிவிடும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், நாடித்துடிப்பு தணியும். வியர்வை என்னவோ குறையாது, இன்னும் சீக்கிரமாகவே அரும்பும், ஆனால் அதில் உப்பு குறைந்திருக்கும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது? பொது அளவு எதையும் நம்ப வேண்டாம். ஓடுவதற்கு முன்னும், ஓடி வந்து உடம்பைத் துடைத்த பின்னும் எடை பாருங்கள். 70 கிலோ 69 ஆகி, நடுவில் கால் லிட்டர் குடித்திருந்தால், வெளியேறியது ஒன்றேகால் லிட்டர். குறைந்த அந்த ஒரு கிலோவும் தண்ணீர்தான்; சில மணி நேரத்தில் சிறுகச் சிறுகக் குடித்து ஈடுகட்டிவிடலாம், உப்புப் போட்ட மோரும் நல்லது. இழந்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளாதீர்கள், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். எடை குறைக்கவென்று பிளாஸ்டிக் ஜாக்கெட் போட்டு ஓடவே ஓடாதீர்கள்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ, நெஞ்சுவலி, மயக்கம் வந்தாலோ மருத்துவரைப் பார்த்த பிறகு ஓடுங்கள். கூட ஓடுபவர் உளறினாலோ தள்ளாடினாலோ, வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். உடற்பயிற்சியில் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். உடனே நிழலில் படுக்கவைத்து, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுங்கள்; இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.