சக்கரத்தை வரைந்த கை

அன்புள்ள ஐயா,

சாட்ஸ்வர்த்தில் எங்கள் தமிழ் வகுப்பு சார்பாக ஆகஸ்ட் 9 தென்னாப்பிரிக்க மகளிர் தினத்துக்குச் சின்னதாக ஒரு கண்காட்சி வைக்கிறோம். தில்லையாடி வள்ளியம்மையின் சேலை நிறங்களே இந்தியக் கொடியின் மூவர்ணம் ஆயின என்று ஒரு பலகையில் எழுதியிருந்தோம். கொடியை வடிவமைத்தது சுரையா தியாப்ஜி என்ற பெண், அவர் பெயரைப் போடுங்கள் என்கிறார் ஒரு பெற்றோர். இன்னொருவர் பிங்கலி வெங்கையாதான் என்று சண்டைக்கு வருகிறார். யார் பெயரைப் போட?

இன்னொன்று. பிள்ளைகளின் அம்மாமார் சேர்ந்து 900 × 600 மி.மீ. கொடி தைத்தார்கள். சக்கரம் அளவாகத்தான் அச்சடித்தோம், ஆனால் வெள்ளைப் பட்டைக்குள் அடங்கவில்லை. எங்கே தப்பு?

– தமிழ் வகுப்பு ஆசிரியை, டர்பன்

*

அன்புள்ள டீச்சர்,

சேலைக் கதையை எடுத்துவிடுங்கள். வள்ளியம்மை இறந்தது 1914 பிப்ரவரி 22. வெங்கையா 1921இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) காந்தியிடம் கொடுத்த கொடியில் இருந்தவை சிவப்பும் பச்சையும்தான். வெள்ளையைச் சேர்க்கச் சொன்னவர் காந்தி. இராட்டை யோசனை ஜலந்தர் லாலா ஹன்ஸ்ராஜுடையது. சிவப்பு போய்க் காவி வந்ததே 1931இல். சேலையிலிருந்து எடுத்த காவி அதுவரை எந்தப் பெட்டியில் இருந்தது? தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, அங்கே வாங்கிய காய்ச்சலோடு வெளியே வந்து பதினாறு வயதில் இறந்த பெண் அவர். ஜோஹானஸ்பர்க் பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் அடக்கமாகியிருக்கிறார். பலகையில் அதை எழுதுங்கள், போதும்.

சுரையா விஷயம் வேறு. 1947 ஜூனில் ராஜேந்திர பிரசாத் தலைமையில் கொடிக் குழு அமைந்தது. சுரையாவின் கணவர் பத்ருத்தீன் தியாப்ஜி ஐ.சி.எஸ். அதிகாரி. சாரநாத் சிங்கத் தூணின் சக்கரத்தைக் கொடியில் வைக்கலாம் என்று தோன்றியது அவருக்கு, அதைக் கொடிக்கேற்ற கோட்டுருவமாக வரைந்தது சுரையா, முதல் கொடி தைக்கப்பட்டதும் சுரையாவின் மேற்பார்வையில் டெல்லி கன்னாட் பிளேஸ் தையற்கடை ஒன்றில்தான் என்று மகள் லைலா தியாப்ஜி எழுதியிருக்கிறார். இது குடும்பத்தார் கூற்று. ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை நிறைவேற்றிய தீர்மானத்தில் யார் பெயரும் கிடையாது, வெங்கையா பெயர் உட்பட. ஆகவே ‘கொடியை வடிவமைத்தவர்’ என்று சுரையாவுக்கும் போடாதீர்கள், வெங்கையாவுக்கும் போடாதீர்கள். ‘சக்கரத்தை வரைந்தவர் (குடும்பத்தார் கூற்றுப்படி)’ என்று போடுங்கள். அது ஒன்றும் சின்ன வேலையில்லை.

ஏனென்றால் அதுவரை கொடியில் இருந்த இராட்டை, கொடி செய்கிறவர்களுக்குத் தொல்லையான சின்னம். ஒருபக்கம் சக்கரம், மறுபக்கம் நூல் சுற்றும் கதிர். துணியைத் திருப்பினால் இடவலம் மாறிவிடும். மாறக் கூடாதென்றால் பின்பக்கத்துக்குத் தனியாக அச்சடிக்க வேண்டும், அப்போது சக்கரம் கம்பத்தை விட்டு விலகிப் போய்விடும். நேருவே அன்றைக்குச் சபையில் இதை விளக்கினார். அசோகச் சக்கரத்தில் இந்த வம்பே இல்லை, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். தீர்மானமும் சாமர்த்தியமாக, இராட்டையைக் குறிக்கும் சக்கரம் என்றே எழுதிவைத்தது.

இனி உங்கள் கொடி. 900 × 600 கொடிக்குச் சக்கரத்தின் விட்டம் 185 மி.மீ. ஒவ்வொரு பட்டையும் 200. நீங்கள் வெள்ளைத் துணியை 200க்கே வெட்டியிருப்பீர்கள். மேலும் கீழும் தையலுக்கு 12, 12 போனால் மிச்சம் 176. அதில் 185 எப்படி அடங்கும்? 224க்கு வெட்டுங்கள். தைத்த பிறகு சக்கரத்துக்கு மேலும் கீழும் ஏழரை மி.மீ. வெள்ளை தெரிய வேண்டும். தையலின் உள்மடிப்பைக் காவி, பச்சைப் பக்கமாகத் தள்ளி இஸ்திரி போடுங்கள். வெள்ளைப் பக்கம் தள்ளினால் 12 மி.மீ. நிறத்துணி அடியில் நிழலாடும், சக்கரத்தின் வளையம் அதன்மேல் ஏறி அழுக்காகத் தெரியும்.

வரையும்போது காம்பஸை 92.5இல் வைத்து வட்டம் போட்டு, அதே அளவால் வட்டத்தைச் சுற்றி அடையாளமிடுங்கள், ஆறு புள்ளி விழும். இரண்டு முறை பாதியாக்கினால் 24. பாகைமானியால் 15 டிகிரி, 15 டிகிரி என்று அளந்து போனால் சிறு பிழைகள் கூடிக் கடைசி ஆரக்கால் கோணிக்கொள்ளும். முதல் ஆரக்கால் நேர் செங்குத்து. வளையத்தின் அகலம் ஏறக்குறைய 11, 12. நடுக்குடத்தின் அரைவிட்டம் 16. ஆரக்கால்கள் ஒரே தடிமனான கோடுகள் அல்ல. மையத்திலிருந்து சுமார் 32இல் ஐந்தாறு மி.மீ. தடித்து, வளையத்தைத் தொடும்போது கூராகும். இரண்டு ஆரங்களுக்கு நடுவே வளையத்தின் உள்விளிம்பில் ஒரு சின்ன அரைவட்டப் புடைப்பு உண்டு, மொத்தம் 24. பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள், சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரம்போல ஆகிவிடும்.

வெள்ளைத் துணியில் இரண்டு பக்கமும் அச்சடித்த பிறகே பட்டைகளைச் சேருங்கள். மையத்திலும் உச்சி ஆரத்தின் நுனியிலும் குண்டூசி குத்தி, அந்தத் துளைகளில் மறுபக்க அச்சைப் பொருத்துங்கள். மை நீர்க்கக் கூடாது, ஊறினால் மறுபக்கத்தில் ஆரங்களுக்கு இரட்டைக் கோடு விழும். ஒரு பக்கம் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. மை கருநீலம், கறுப்பு அல்ல.

பலகையில் இடம் மிஞ்சினால் ஹன்சா மேத்தா பெயரைச் சேருங்கள். 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவுக் கூட்டத்தில் இந்தியப் பெண்களின் சார்பாகக் கொடியைச் சபையிடம் ஒப்படைத்தவர் அவர். அதற்குச் சபைப் பதிவே சாட்சி, எந்தப் பெற்றோரும் சண்டைக்கு வர முடியாது.