அன்ரியல் கேம்கள் "வீடியோ மெமரி போதவில்லை" என்று மூடிக்கொள்கின்றன. தவறு கேம் செய்தவர்களுடையதா, கார்டுடையதா, விண்டோஸுடையதா?

நீங்கள் சொல்வது இது: இன்டெல் ஐ9-14900கே, 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம். அன்ரியல் எஞ்சினில் (பல கேம்களுக்கு அடித்தளமான மென்பொருள்) செய்த எந்த கேமைத் திறந்தாலும் ஷேடர் (திரையில் எதை எப்படி வரைவது என்று கார்டுக்குச் சொல்லும் சிறு நிரல்) தயாராகும்போதே அந்தச் செய்தி வந்து மூடிக்கொள்கிறது. டிரைவரை மூன்று முறை மாற்றியாகிவிட்டது, அடுத்து கார்டை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

கார்டைத் தொடாதீர்கள். மெனுகூட வராத கட்டத்தில் 12 ஜிபி நிரம்ப வழியே இல்லை. உங்கள் பிராசசர் கணக்கைத் தப்பாகப் போடுகிறது என்பதற்குத்தான் வாய்ப்பு மிக அதிகம். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு இது ஊரறிந்த நோய்.

கேம் தன் ஷேடர்களைச் சுருக்கி வைத்திருக்கும். திறக்கும்போது அவற்றை விரிக்க வேண்டும். அன்ரியலில் அந்த வேலையைப் பெரும்பாலும் ஓடில் என்ற மென்பொருள் செய்கிறது. சுருக்கிய தரவில் பின்னால் வருவது எல்லாம் முன்னால் வந்ததைச் சார்ந்தது. நடுவில் ஒரு பிட் தப்பினால் அதற்குப் பிறகு விரிவது முழுக்கக் குப்பை. திரையில் ஒரு புள்ளியின் நிறம் தப்பினால் யார் கண்ணிலும் படாது, ஷேடர் தப்பினால் அப்படித் தப்பிக்க முடியாது. கெட்டுப்போன ஷேடரைக் கார்டின் டிரைவர் ஏற்காமல் திருப்பி அனுப்பும். "கேட்டது கிடைக்கவில்லை" என்பதை எஞ்சின் "மெமரி இல்லை" என்று மொழிபெயர்த்துவிடும். அதை நம்பி எத்தனையோ பேர் நல்ல கார்டைக் கழற்றிச் சர்வீஸுக்கு அனுப்பினார்கள்.

ஓடிலைச் செய்யும் ராட் கேம் டூல்ஸ்காரர்கள் இதைத் தங்கள் பக்கத்திலேயே எழுதி வைத்தார்கள்: எங்கள் மென்பொருளில் பிழை இல்லை, இந்தப் பிராசசர்கள் அதிக வேகத்திலும் அதிக மின்சாரத்திலும் தடுமாறுகின்றன என்று. 2024 ஏப்ரலில் என்விடியாவும் இந்தப் பிழை வருகிறவர்களை இன்டெல் பக்கம் போகச் சொன்னது. ஜூலையில் ஆல்டெரான் கேம்ஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம், தாங்கள் சோதித்த இந்தப் பிராசசர்கள் ஏறக்குறைய எல்லாமே நாளடைவில் கெடுகின்றன என்று அறிவித்து, தன் சர்வர்களை ஏஎம்டிக்கு மாற்றியது. அதுவரை திட்டு வாங்கியவர்கள் கேம் செய்தவர்கள்தான்.

உள்ளே நடப்பது என்னவென்றால், பிராசசரின் ஒவ்வொரு கோரும் (தனியாகக் கணக்குப் போடும் பகுதி) ஒரு வேகத்தில் சரியாக ஓட இவ்வளவு வோல்டேஜ் குறைந்தபட்சம் வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. 14900கே ஒன்றிரண்டு கோர்களில் 6 கிகாஹெர்ட்ஸ் தொடும், அப்போதுதான் மிக அதிக வோல்டேஜைக் கேட்கும். அந்த வோல்டேஜும் சூடும் சேர்ந்து கோரின் கிளாக் துடிப்பைக் கொண்டுபோகும் சர்க்யூட்டை முதுமையாக்கிவிடுகின்றன. அதற்குப் பிறகு அதே வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும், மதர்போர்டோ பழைய அளவையே கொடுக்கும், கணக்கு தப்பும். முதல் சில மாதம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் கெடுவது இதனால்தான். வாங்கின புதிதில் சோதித்து "எனக்கு வரவில்லையே" என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு இன்னும் காலம் ஆகவில்லை.

இன்டெல் பட்டியலில் இருப்பவை 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப்பில் ஐ9, ஐ7, ஐ5 வரிசையில் 13600கே, 14600கே. கேஎஃப் வகைகளும் (உள்ளே கிராஃபிக்ஸ் இல்லாதவை) சேர்த்திதான். 12ஆம் தலைமுறைக்கும் லேப்டாப்புக்கும் இது இல்லை என்கிறது இன்டெல்.

இப்போது சோதனை. என் பேச்சை நம்பி வாரண்டிக்கு ஓடாதீர்கள், முதலில் ரேமை விலக்குங்கள். பயாஸில் (மதர்போர்டிலேயே இருந்து கணினியைத் தொடங்கும் மென்பொருள்) எக்ஸ்எம்பியை (ரேமின் வேகத்தைக் கூட்டும் அமைப்பு) அணைத்து, மெம்டெஸ்ட்86 போட்ட பென்டிரைவிலிருந்து பூட் செய்து நான்கு சுற்று ஓடவிடுங்கள். 32 ஜிபிக்குப் பல மணி நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமைத்தான் பார்க்க வேண்டும். நான்கு ஸ்டிக் போட்டு ரேமை 6000 வேகத்துக்கு மேல் ஓட்டுகிறவர்களுக்கு ரேமே காரணமாக இருப்பதும் சகஜம்.

ரேம் சுத்தம் என்றால், இன்டெல்லின் எக்ஸ்டியூ மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் கோர் ரேஷியோவை எல்லாக் கோர்களுக்கும் 53 ஆக இறக்குங்கள். 53 என்றால் 5.3 கிகாஹெர்ட்ஸ். வேறு எதையும் மாற்றாதீர்கள். முன்பு மூடிக்கொண்ட அதே கேமைத் திறங்கள். இப்போது ஓடினால் விடை கிடைத்துவிட்டது: கார்டு அதேதான், டிரைவர் அதேதான், கேம் அதேதான், மாறியது பிராசசரின் வேகம் ஒன்றுதான். இன்னொரு சோதனை 7-ஜிப்பில் இருக்கும் பெஞ்ச்மார்க். அது சுருக்கி, விரித்து, சரிபார்க்கும். அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், பிழை சொன்னால் நோய் உறுதி. பெரிய சுருக்குக் கோப்பை விரிக்கும்போது சிஆர்சி பிழை (விரிந்த தரவு மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது) வந்து, மறுமுறை அதே கோப்பு ஒழுங்காக விரிந்தால் அதுவும் இதே அறிகுறி.

பிராசசரின் திறனை அளக்கும் சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடிவிட்டது, எனவே பிராசசர் நலம் என்று சொல்வார்கள். ஏற்காதீர்கள். எல்லாக் கோர்களும் முழுப் பாரத்தில் இருக்கும்போது மின்வரம்பு இடித்து வேகம் தானே இறங்கிவிடும். கேம் லோடாகும்போதும் பிரவுசர் திறக்கும்போதும்தான் ஓரிரு கோர்கள் உச்சத்துக்குத் துள்ளும், கெடுவதும் அங்கேதான். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் WHEA-Logger (வன்பொருள் பிழைப் பதிவு) வரிகள் இருந்தால் எடுத்து வையுங்கள். கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பில்லை, சரியாக அணையாமல் நின்றுவிட்டது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது.

அடுத்தது பயாஸ். மைக்ரோகோட் (பயாஸோடு வந்து பிராசசரின் நடத்தையைத் திருத்தும் சிறு நிரல்) நான்கு தவணையாக வந்தது. 2024 ஜூனில் 125, வேகம் கூட்டும் முறையில் இருந்த ஒரு பிழைக்கு. ஆகஸ்டில் 129, பிராசசர் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி தடை. செப்டம்பரில் 12பி, முந்தைய இரண்டையும் சேர்த்து, சும்மா இருக்கும்போதும் சின்ன வேலையின்போதும் வோல்டேஜ் ஏறுவதை அடக்கியது. 2025 மே மாதம் 12எஃப், நாள்கணக்கில் அணைக்காமல் லேசான வேலையில் ஓடும் கணினிகளுக்கு. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் பிராசசர் விவரத்தில் எந்த எண் என்று தெரியும். 12பிக்குக் கீழே இருந்தால் இன்றே ஏற்றுங்கள்.

ஏற்றும் முன் இரண்டு வேலை. பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் நிறுத்தி வையுங்கள், 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பயாஸ் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்டு நிற்கும். யுபிஎஸ் இல்லாமல் செய்யாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துப்போகலாம். பென்டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து, பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் வசதியால் ஏற்றுங்கள், விண்டோஸிலிருந்து வேண்டாம். முடிந்ததும் திரை இருண்டபடி சில நிமிடம் நிற்கும், இரண்டு மூன்று முறை தானே ரீஸ்டார்ட் ஆகும். டிடிஆர்5 ரேமைப் போர்டு புதிதாகப் பழகிக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் பயந்து சுவிட்சை அணைக்காதீர்கள்.

உள்ளே போய் "இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எண்களைக் கண்ணால் பாருங்கள். 14900கேக்குப் பெர்ஃபார்மன்ஸ் புரொஃபைலில் பிஎல்1, பிஎல்2 (மின்வரம்புகள்) இரண்டும் 253 வாட், ஐசிசி மேக்ஸ் (மின்னோட்ட வரம்பு) 307 ஆம்பியர். 4095 என்ற எண் எங்காவது இருந்தால் வரம்பே இல்லை என்று பொருள். ஆசுஸில் மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட், எம்எஸ்ஐயில் என்ஹான்ஸ்ட் டர்போ, பிற போர்டுகளில் இதே போன்ற பெயர், எதுவானாலும் அணைத்துவிடுங்கள். சிஇபி பாதுகாப்பும் (வோல்டேஜ் போதாதபோது பிராசசரைக் காப்பது) சி-ஸ்டேட்டும் (சும்மா இருக்கும்போது கோர்களை உறங்க வைப்பது) இயங்கட்டும்.

ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். மைக்ரோகோட் இனி கெடாமல் காக்கும், கெட்டதைத் திருப்பாது. அறிகுறி ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் பயாஸ் ஏற்றிவிட்டு அமைதியாக இருக்காதீர்கள், பிராசசரையும் மாற்றியே ஆகவேண்டும். 53இல் ஓட்டிக்கொண்டிருந்தால் போதுமே என்பவர்களுக்கு: பணம் கொடுத்தது 6 கிகாஹெர்ட்ஸுக்கு.

சரி, பொறுப்பு யாருக்கு? நீங்கள் கேட்டதில் எனக்கு முக்கியமானது இதுதான். கூட்டச் சொன்னால் சரியாகக் கூட்டுவேன் என்பது பிராசசர் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கின் மேல்தான் உலகத்து மென்பொருள் எல்லாம் நிற்கிறது. அதைக் காப்பாற்றாதது இன்டெல். வரம்பை எடுத்துவிட்ட மதர்போர்டு நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு, பெஞ்ச்மார்க் பட்டியலில் இரண்டு சதவீதம் முன்னால் தெரியத்தான் அவர்கள் 4095 போட்டார்கள். ஆனால் மின்வரம்பை ஏற்றுவதை ஓவர்கிளாக்கிங் கணக்கில் சேர்க்காமல் ஆண்டுக்கணக்கில் அனுமதித்ததும் இன்டெல்தான். முழுப்பழியையும் போர்டு மேல் தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேம் எஞ்சினுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பிராசசர் பொய் சொல்வதை அது தடுக்க முடியாது, ஆனால் தான் கண்டதைக் கண்டபடி சொல்ல முடியும். "ஷேடர் தரவு கெட்டிருக்கிறது" என்று வந்திருந்தால் நீங்கள் டிரைவரை மூன்று முறை மாற்றியிருக்கமாட்டீர்கள். தவறான ஆளைக் காட்டும் பிழைச்செய்தி, என் கணக்கில், மென்பொருள் பிழையேதான்.

இதற்கு மறுபக்கமாக 2021இல் ஒன்று நடந்தது. அமேசானின் நியூ வேர்ல்டு கேம் பீட்டாவில் சில ஆர்டிஎக்ஸ் 3090 கார்டுகள் செத்துப்போயின. மெனுவில் ஃபிரேம் ரேட்டுக்கு வரம்பு இல்லை, கேம்தான் கொன்றது என்று எல்லாரும் பேசினார்கள். அந்தக் கார்டுகளைச் செய்த ஈவிஜிஏ எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மாஸ்ஃபெட் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) பகுதியில் சால்டரிங் மோசம் என்று ஒப்புக்கொண்டு கார்டுகளை மாற்றிக் கொடுத்தது. அங்கேயும் குற்றம் கார்டுடையது, எந்த நிரல் வந்தாலும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியது வன்பொருள். ஆனாலும் அசையாத மெனுவுக்கு நொடிக்கு ஆயிரம் ஃபிரேம் வரைவதில் யாருக்கு என்ன லாபம்? 2010இல் ஸ்டார்கிராஃப்ட் 2 இதே காரணத்துக்காகக் கார்டுகளைச் சூடாக்கியபோதே எல்லாரும் கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

ஏஎம்டி ரசிகன் பேசுகிறான் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகியபோது அதுவும் போர்டு கொடுத்த அதிக வோல்டேஜ்தான். எஸ்ஓசி வோல்டேஜை (பிராசசரில் கோர்கள் அல்லாத பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்குள் கட்ட ஏஎம்டி பயாஸ் விட வேண்டியிருந்தது. எந்த நிறுவனம் என்பது எனக்குப் பொருட்டில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, இருந்தாலும் சொல்லாமல் விடமுடியவில்லை. பயாஸ் ஏற்றியதும் சில போர்டுகளில் டிபிஎம்மும் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) செக்யூர் பூட்டும் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடுவது) அணைந்துவிடும். விண்டோஸ் 11இல் வேலரன்ட் அதைப் பார்த்ததும் திறக்க மறுக்கும். மறுபடி பயாஸுக்குப் போய் இன்டெல் பிடிடியையும் (இன்டெல்லின் டிபிஎம்) செக்யூர் பூட்டையும் இயக்க வேண்டும். ஒரு சுடும் விளையாட்டுக்காகக் கணினி பூட் ஆகும்போதே கெர்னலில் (விண்டோஸின் மையப் பகுதி) போய் உட்காரும் ஆன்டி-சீட் (ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும்) டிரைவர் என்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. கெர்னலில் ஒரு தப்பான கோப்பு என்ன செய்யும் என்று 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டில் பார்த்தோம், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அவ்வளவு உள்ளே இடம் கேட்கிறவர்கள் அதே அளவு பொறுப்பையும் ஏற்க வேண்டும். கணினி விழுந்தால் பழுது பார்ப்பது நாம், அவர்கள் இல்லை.

வாரண்டிக்கு வருகிறேன். பாக்ஸில் வாங்கிய பிராசசருக்கு மூன்று ஆண்டாக இருந்ததை இன்டெல் ஐந்தாக்கியது. டிரே பிராசசர் (பெட்டி இல்லாமல் விற்பது) என்றால் விற்றவரிடமோ கணினியைக் கட்டிக்கொடுத்தவரிடமோதான் போக வேண்டும், எனவே பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். இன்டெல் இரண்டு எண் கேட்கும்: எஃப்பிஓ (FPO, தயாரிப்புத் தொகுதி எண்), ஏடிபிஓ (ATPO, தொடர் எண்). இரண்டும் பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால் கூலரைக் கழற்றி, பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உலோக மூடியில் இருப்பதைப் படம் எடுங்கள். 53இல் ஓடியது, 7-ஜிப் பிழை, மெம்டெஸ்ட் சுத்தம், பயாஸ் மைக்ரோகோட் எண், நான்கையும் முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிட்டால் "விண்டோஸை மறுபடி போட்டுப் பாருங்கள்" என்ற ஒரு வாரம் மிச்சமாகும்.

புதுப் பிராசசரைப் போடுவதற்கு முன்பே பயாஸ் 12பியோ அதற்கு மேலோ ஆகியிருக்க வேண்டும், பழைய பயாஸில் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். மாற்றிய பிறகு அந்த கேம்கள் ஓடினால், ஸ்டீமில் கோபத்தில் "ஆப்டிமைஸ் பண்ணவே தெரியாதவர்கள்" என்று போட்டிருந்தீர்களானால் அதைத் திறந்து திருத்திவிடுங்கள், பிராசசர் பெயரையும் மைக்ரோகோட் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அதே செய்தியைப் பார்த்துவிட்டுக் கார்டு விற்கக் கிளம்பியிருக்கும் இன்னொருவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.