இரண்டு தவணை நின்றுவிட்டது, வீடு ஏலத்துக்குப் போகாமல் தடுக்க முடியுமா?

வேலை போய்விட்டது, வீட்டுக் கடனில் இரண்டு மாத இஎம்ஐ கட்டவில்லை, வங்கி வீட்டை ஜப்தி செய்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2023இல் எனக்கும் இதே நிலைதான். மேடவாக்கத்தில் ஃபிளாட், 33 லட்சத்துக்கு மேல் பாக்கி, ஓஎம்ஆரில் இருந்த வேலை ஒரே வெள்ளிக்கிழமையில் போனது. நான் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் காலண்டரை எடுங்கள். கட்டாத முதல் தவணையின் தேதியிலிருந்து 90 நாள் தாண்டினால்தான் உங்கள் கடன் வாராக்கடன் ஆகும். அதுவரை வங்கியால் வீட்டின் மேல் கை வைக்க முடியாது. இப்போது உங்களால் ஒரே ஒரு தவணைதான் புரட்ட முடியும் என்றால் அதையாவது கட்டிவிடுங்கள். அது பழைய பாக்கியில்தான் வரவாகும், 90 நாள் கணக்கு ஒரு மாதம் தள்ளிப்போகும். 90 நாளைத் தாண்டிய பிறகு கதை வேறு. ஒரு தவணை, இரண்டு தவணை கட்டினால் போதாது, நிலுவை மொத்தத்தையும் கட்டினால்தான் வாராக்கடன் பட்டியலிலிருந்து வெளியே வர முடியும். எனக்கு இது தெரியாது. 90 தாண்டியபின் மனைவியின் வளையலை அடகு வைத்து ஒரு தவணை கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அதே பணத்தை மூன்று வாரம் முன்னால் கட்டியிருக்க வேண்டும்.

அடுத்தது, யாரிடம் பேசுவது என்பது. தினமும் போன் செய்கிறவர்கள் வசூல் பிரிவு, அவர்களிடம் அழுதாலும் எதையும் மாற்றித் தரும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. (காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அவர்கள் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. எங்கள் வாட்ச்மேனிடம் என் கடன் கதையைச் சொல்லிவிட்டுப் போன ஒருவரைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்த பிறகுதான் அந்தத் தொல்லை நின்றது. வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை.) நீங்கள் போக வேண்டியது கடன் வாங்கிய கிளைக்கு. ரிலீவிங் லெட்டர், கடைசி சம்பளச் சீட்டு, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு பக்கக் கடிதம், இவற்றோடு போய், நகலில் சீல் வாங்கி வாருங்கள். வாய்ப்பேச்சாக "பார்த்துக்கலாம் சார்" என்பதை நம்பி நான் ஒரு மாதத்தை விட்டேன்.

என்ன கேட்கலாம்? கடன் காலத்தை நீட்டிக் கேட்கலாம். சில மாதங்களுக்கு வட்டியை மட்டும் கட்டுகிறேன் என்று கேட்கலாம். மறுசீரமைப்பு என்று இதைச் சொல்வார்கள். தருவதும் தராததும் வங்கியின் விருப்பம், தந்தால் சிபிலில், அதாவது உங்கள் கடன் வரலாற்றில், பதிவாகும். ஆனால் காலத்தை நீட்டினால் பாரம் பெரிதாகக் குறையும் என்று நினைக்காதீர்கள். 9 சதவீத வட்டியில் 30 லட்சம் பாக்கி, 15 வருடம் மீதி என்றால் தவணை சுமார் 30,400 ரூபாய். 25 வருடமாக நீட்டினால் சுமார் 25,200. மாதம் ஐயாயிரம் மிச்சத்துக்கு, மொத்தத்தில் இருபது லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கட்டுவீர்கள். இன்னொரு வேலை கிடைக்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான் இது உதவும். பிறகு தவணையை ஏற்றிக்கொள்ளலாம். மிதக்கும் வட்டிக் கடனில், அதாவது வட்டி ஏறி இறங்கும் கடனில், முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது.

வேறு வங்கிக்குக் கடனை மாற்றலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். சம்பளம் இல்லாதவருக்கு, அதுவும் இரண்டு தவணை தவறியவருக்கு, யாரும் தரமாட்டார்கள். பர்சனல் லோன் எடுத்து இஎம்ஐ கட்டுவதும் கந்து வட்டிக்குப் போவதும் வேண்டவே வேண்டாம். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு பெற்றோர் வீட்டுக்கோ மாமனார் வீட்டுக்கோ போக முடிந்தால் கூச்சப்படாமல் போங்கள். பி.எஃப். பணத்திலிருந்தும் வீட்டுக் கடனுக்கு எடுக்க வழி இருக்கிறது.

90 நாளும் தாண்டிவிட்டால்? சர்ஃபாசி சட்டம் என்று 2002இல் வந்த ஒன்று இருக்கிறது. நீதிமன்றம் போகாமலேயே வீட்டை எடுக்க வங்கிக்கு அதிகாரம் தருவது அதுதான். முதலில் 13(2) பிரிவில் நோட்டீஸ் வரும், 60 நாள் அவகாசம். அந்தப் பதிவுத் தபாலை வாங்காதே என்று மனைவியிடம் சொன்ன புத்திசாலி நான். வாங்காவிட்டால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், சட்டப்படி அதுவும் கொடுத்த மாதிரிதான். லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டார்கள். வாங்கிப் படியுங்கள், 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவு என்றால் இந்தச் சட்டமே செல்லாது. கிட்டத்தட்ட கட்டி முடித்தவர்களுக்கு இது பெரிய பிடி.

60 நாளுக்குப் பிறகு, வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது என்று சொல்லும் சுவாதீன அறிவிப்பு ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் போடுவார்கள். அதில் ஒன்று தமிழில் இருக்கும், உங்கள் பெயரோடு. அந்த நடவடிக்கையிலிருந்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், சென்னையிலேயே இருக்கிறது. நோட்டீஸில் குளறுபடி இருந்தால் போங்கள். காலம் கடத்த மட்டும் என்றால் வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம். அங்கே தோற்று மேல்முறையீட்டுக்குப் போனால் பாக்கியில் பாதியைக் கட்டச் சொல்வார்கள், குறைத்தாலும் கால் பங்கு. முழு பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான். ஏல நாள் வரை நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், 2016இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

நான் 60 நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீட்டை விற்க முடிவு செய்தேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, ஊரில் என்ன சொல்வது என்றார். ஏலத்தில் போனால் அடிமாட்டு விலை, அதிலும் கடனுக்குப் போதாத மிச்சம் என் தலையில்தான் விழும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். வங்கியிடம் விற்பனைக்கு அவகாசம் கேட்டு மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கினேன். நம்மூர் வங்கிகளில் ஃபோர்க்ளோஷர் லெட்டர் என்றால் பயந்துவிடாதீர்கள், கடனை முடிக்க எவ்வளவு என்று எழுதித் தரும் தாள் அது. அதைப் பார்த்து, வாங்கியவரின் வங்கி நேராக என் கடனை அடைத்தது, மீதி என் கணக்குக்கு வந்தது. எம்.ஓ.டி.யை, அதாவது வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான ஆவணத்தை, ரத்து செய்யும் பத்திரத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் வில்லங்கம் சுத்தமாகும், அதை மறந்துவிடாதீர்கள். வங்கி பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

உங்களுக்கு இன்னும் இரண்டு தவணைதான் ஆகியிருக்கிறது. இரண்டாம், நான்காம் சனிக்கிழமை வங்கி கிடையாது, அதையும் கணக்கில் வைத்து இந்த வாரமே கிளைக்குப் போங்கள். கடன் அனுமதிக் கடிதத்தை வீட்டில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். கடனோடு காப்பீடு எடுத்திருந்தால் வேலையிழப்புக்கு ஏதாவது உண்டா என்று அந்தக் காப்பீட்டுப் பத்திரத்தில் பாருங்கள்.